தன்னை எதிர்த்துக் கோஷம் போட்ட முதலாளி

ரேடியோவில் அந்தச் செய்தி வந்தபோது மைக்செட் ஒரு நர்ஸ் கோட்டுக்குக் காலர் ஏற்றிக்கொண்டிருந்தாள். வரும் மாதம் முதல் தேதியிலிருந்து குறைந்தபட்சக் கூலி உயர்கிறது. உருப்படிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர்களுக்கும் நாள் கூலிக்குக் குறையாமல் கொடுத்தாக வேண்டும். நேரம் தாண்டி வேலை வாங்கினால் இரட்டிப்பு. வாசித்தவர் இதைச் சொல்லிவிட்டு, மழை வருமா வராதா என்று அடுத்த செய்திக்குப் போய்விட்டார். மைக்செட்டால் போக முடியவில்லை. காலரைப் பாதியில் விட்டு எழுந்தாள். கைக்கு அகப்பட்ட முதல் ஆளைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். அகப்பட்டது, துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் இருந்த அவளுடைய அண்ணி. அண்ணி நல்ல கனம். பாதிச் சுற்றிலேயே இரண்டு பேரும் துணிக் குவியல் மேல் போய் விழுந்தார்கள்.

"கெடச்சிடுச்சு அண்ணி! எத்தனை வருஷக் கத்தல்! கெடச்சிடுச்சு!"

"கெடச்சது இருக்கட்டும். முதல்ல என் கால் மேலருந்து எந்திரி."

மைக்செட் என்று அவளுக்குப் பட்டம் கட்டியது யார் என்று தெரியவில்லை. யாராக இருந்தாலும் அளவெடுத்துத் தைத்த பெயர். அவள் மாடியில் தும்மினால் கீழே மளிகைக் கடைக்காரர் "நூறாயுசு" என்பார். முன்பு அந்த ஊரில் ஒரு பெரிய தையல் ஆலை இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே அங்கே பட்டன் வைக்கப் போனவள், காலர், கை, பாக்கெட் என்று ஒவ்வொன்றாக ஏறி முழு சட்டை தைக்கும் வரிசைக்கு வந்தாள். சாப்பாட்டு வேளையில் கேட்டுக்கு வெளியே கூலி உயர்வுக்காகக் கூட்டம் கூடும். கோஷம் எடுத்துக் கொடுப்பது அவள். எழுதிக் கொடுக்க ஆள் வைத்துக்கொள்ளவில்லை. எல்லாம் சொந்தச் சரக்கு.

"ஊசிக்குக்கூடக் காதிருக்கு! உனக்குக் காது எங்கிருக்கு?"

"தைக்கும் கைக்குத் தகுந்த கூலி! தராத முதலாளி, நாற்காலி காலி!"

மாடி ஜன்னலில் அந்த முதலாளி நின்று பார்ப்பார். அவருக்கும் ஒரு பட்டம் உண்டு: உம்மணாமூஞ்சி. சிரித்தால், அந்தச் சிரிப்புக்கும் போனஸ் கேட்டுவிடுவார்களோ என்று பயந்தவர் போலவே இருப்பார். கடைசியில் ஆலைக்கு ஆர்டர் குறைந்தது. பாதி மெஷினை விற்றார், பிறகு கட்டடத்தையும் விற்றார். ஒரு தகரக் கொட்டகையில் மிச்ச மெஷின்களைப் போட்டுக்கொண்டு சின்னதாகத் தைத்துக் கொடுக்க ஆரம்பித்தார். அவர் விற்ற மெஷின்களில் நாலை மைக்செட் வாங்கினாள். மளிகைக் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்தாள். பெரிய சீருடைக் கம்பெனி ஒன்று துணியை வெட்டிக் கட்டுக்கட்டாக வேனில் அனுப்பும். ஊரில் இருக்கும் இப்படிப்பட்ட சின்ன யூனிட்டுகள் எல்லாம் அதைத் தைத்து அனுப்பும். மைக்செட்டும் அதில் ஒருத்தி.

ஆக, ஒரு வருடம்கூட ஆகாத முதலாளி அவள். ஆனால் முதலாளி என்ற சொல் அவள் வாயில் இன்னும் வசவாகவேதான் இருந்தது.

செய்தி கேட்ட கையோடு கீழே ஓடினாள். மளிகைக் கடையில் மிட்டாய் டப்பா ஒன்றை மூடியோடு தூக்கினாள். தெருவில் போன வந்தவர் எல்லோர் கையிலும் திணித்தாள். தபால்காரர், சலூன்காரர், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள், யாரென்றே தெரியாத ஒருவர். "எதுக்கும்மா?" என்று கேட்டவர்களிடம், "நமக்குக் கூலி ஏறுதுங்க!" என்றாள். சலூன்காரர் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டே, "நமக்குன்னா யாருக்கு?" என்றார். அவள் அதற்குள் அடுத்த ஆளிடம் போயிருந்தாள்.

மேலே வந்தபோது மூன்று பேரும் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி. காஜா எடுக்கும் அம்மாள். பட்டன் துளைக்கு நூல் கட்டுவதில் ஊரிலேயே அவளுக்கு ஈடில்லை, அதனால் காஜாக்கா என்றே ஆகிவிட்டது. மூன்றாவது ஆள் பிசிறு வெட்டி இஸ்திரி போடுகிறவள். வந்து மாதங்கள் ஆகியும் அவளுக்குப் "புதுசு" என்றுதான் பெயர்.

புதுசு கேட்டாள். "அக்கா, அப்ப எங்களுக்கும் ஏறுமா?"

"பின்ன? ஏறாமலா! எந்த முதலாளி குடுக்க மாட்டேங்கறான்னு நானும் பாக்கறேன்!"

மூன்று பேரும் அவளையே பார்த்தார்கள். மைக்செட் திரும்பி, தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது.

"அய்யய்யோ," என்றாள். அது கீழே மளிகைக் கடை வரை கேட்டது.

அவளுடைய கணவருக்கு நூலகத்தில் வேலை. "சத்தம் போடாதீர்கள்" என்று பிறருக்குச் சொல்லிச் சம்பளம் வாங்கும் மனிதர். வீட்டுக்கு வந்தால் அவருக்கு வாய்த்தது இது. அன்று சாயங்காலம் அவள் விஷயத்தைச் சொல்ல, அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். உதடு துடித்தது. பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சத்தமில்லாமல், நூலகச் சிரிப்பு.

"என்னங்க சிரிக்கிறீங்க? வயித்தெரிச்சல்ல இருக்கேன்."

"இல்லம்மா... கேட்டது நீ. போராடினது நீ. வாங்கினது நீ. இப்பக் குடுக்க வேண்டியதும்..." முடிக்க முடியாமல் விக்கல் பிடித்துக்கொண்டது. தண்ணீரை நகர்த்தி வைத்தாள். அவர் விக்கிய விக்கில் அவளுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. கம்பெனி தருகிற ரேட்டில் புதுக் கூலியைக் கொடுத்தால் வாடகைக்கு மிஞ்சாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அது தெரிந்தும் சிரிப்பு அடங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து, "என்ன, லாட்டரியா?" என்று கேட்டாள்.

மறுநாள் வேலை தொடங்கும் நேரத்தில் மூன்று பெண்களும் வரிசையாக வந்து நின்றார்கள். அண்ணிதான் பேசினாள். வீட்டு உறவில் அண்ணிக்கு நாத்தனாரைத் திட்ட முழு உரிமை உண்டு; ஆனால் வேலை செய்யும் இடத்தில் எப்படிப் பேசுவது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"இந்தா பாரு. நாங்க ஒரு கோரிக்கை வைக்கலாம்னு இருக்கோம். ஆனா எங்களுக்கு அதெல்லாம் பழக்கம் இல்ல. நீதான் சொல்லிக் குடுக்கணும்."

"சொல்லிக் குடுத்தாப் போச்சு. யாரை எதிர்த்து?"

"உன்னைத்தான்."

மைக்செட் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கத்தரிக்கோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "சரி, போட்டுக் காட்டுங்க பாப்போம்," என்றாள்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, கடன் கேட்க வந்தவர்கள் மாதிரி முணுமுணுத்தார்கள். "கூலி... வேணும்... புதுக் கூலி..."

"இதுக்குப் பேரு கோஷமா? கோழிக்குத் தீனி போடறப்பகூட இதைவிடச் சத்தமாக் கூப்பிடுவாங்க! எந்திரிச்சு நில்லுங்க. தோளை விரிங்க. காஜாக்கா, கையை அக்குள்ள வச்சுக்காதீங்க, மேல தூக்குங்க. வயித்துலருந்து வரணும். நான் எடுத்துக் குடுக்கறேன், திருப்பிச் சொல்லுங்க. தைக்கும் கைக்குத் தகுந்த கூலி!"

"தைக்கும் கைக்குத் தகுந்த கூலி!"

"தராத முதலாளி..."

"நாற்காலி காலி!"

"ஆங்! அப்படி! ஏமாத்தாதே, ஏமாத்தாதே!"

ஆலை மூடிய பிறகு தொண்டை திறந்து ஒரு கோஷம் போட அவளுக்கு வாய்ப்பே வரவில்லை. இப்போது வந்ததும் எதிராளி யார் என்பதையே மறந்துவிட்டாள். நரம்பு புடைக்க, கண் பளபளக்க, தன்னையே வெளுத்து வாங்கினாள். புதுசுக்கு உற்சாகம் தாங்காமல் இஸ்திரிப் பெட்டியோடு கையைத் தூக்க, காஜாக்கா அலறி அதைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். படியேறி மூச்சுவாங்க வந்து நின்ற, அறையை வாடகைக்கு விட்ட கட்டடக்காரர், "யாரும்மா ஏமாத்தினது? எங்க அவன்?" என்று சட்டைக் கையை மடித்தார்.

"நான்தாங்க," என்றாள் மைக்செட், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "இன்னும் ஏமாத்தல. முன்னேற்பாடு."

கட்டடக்காரர் மடித்த கையை மெதுவாக இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

அந்த வாரக் கடைசியில் தொழிலாளர் அலுவலகம், புது விதிகளை விளக்குவதற்காக ஒரு கூட்டம் போட்டது. பெரிய அரங்கு. இடது பக்கம் "தொழிலாளர்கள்" என்று ஒரு பலகை, வலது பக்கம் "வேலை கொடுப்போர்" என்று இன்னொரு பலகை. மைக்செட் யோசிக்கவே இல்லை. கால் தானாக இடது பக்கம் போனது. அண்ணி, காஜாக்கா, புதுசு மூவரோடும் முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

அதிகாரி ஒரு பெண்மணி. நிதானமாக ஒவ்வொன்றாகச் சொன்னார். கூலி விவரத்தை வேலை செய்யும் இடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும். மைக்செட் கை தட்டினாள். சம்பளச் சீட்டு கொடுக்க வேண்டும். தட்டினாள். நடுவில் ஓய்வு விட வேண்டும், அந்த நேரத்தைக் கூலியில் கழிக்கக் கூடாது. எழுந்து நின்று தட்டினாள். அவள் தட்டியதைப் பார்த்து அந்தப் பக்கம் முழுவதும் தட்டியது.

"யாராவது ஏதாவது கேக்கணுமா?"

மைக்செட் கை முதலில் உயர்ந்தது. "மேடம், குடுக்காத முதலாளியை என்ன பண்ணுவீங்க? சும்மா விட்டுருவீங்களா?"

"விட மாட்டோம்," என்றார் அதிகாரி. "அபராதம் உண்டு. திரும்பத் திரும்பச் செய்தா வழக்கு உண்டு."

"அப்படிப் போடுங்க!"

"நல்லாக் கேட்டீங்க. எந்த இடத்துல வேலை பாக்கறீங்க? உங்க முதலாளி குடுக்க மாட்டேங்கறாரா?"

மைக்செட் வாயைத் திறந்தாள். மூடினாள். அரங்கில் ஒலிபெருக்கி தேவைப்படாத ஒரே ஆள், வாழ்க்கையில் முதல் தடவையாகக் காதுக்குள் சொல்வது போலச் சொன்னாள். "முதலாளி நான்தாங்க."

இடது பக்கம் தொடங்கி வலது பக்கம் வரைக்கும் சிரிப்பு ஓடியது. அதிகாரியும் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். "அப்ப உங்க இடம் அந்தப் பக்கம்மா," என்று கை காட்டினார். மைக்செட் பையை எடுத்துக்கொண்டு, நடுப் பாதையைக் கடந்து, வலது பக்கம் போனாள். அண்ணி இங்கிருந்து கையசைத்து வழியனுப்பினாள், மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறவள் போல.

வலது பக்கத்தில் சாவு வீட்டுக் களை. எல்லோரும் அவளைப் போலவே நாலைந்து மெஷின் வைத்துத் தைத்துக் கொடுப்பவர்கள். காலியாக இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பக்கத்தில் பார்த்தாள். உம்மணாமூஞ்சி.

"வாம்மா," என்றார் அவர், முகம் மாறாமல்.

"வணக்கம் முதலாளி," என்று பழக்கத்தில் சொல்லிவிட்டாள்.

"நீயும்தான் முதலாளி."

கூட்டம் முடிந்ததும் வலது பக்கத்தார் எல்லோரும் வெளி வராந்தாவில் நின்று புலம்பினார்கள். கூலியைக் கொடுக்கக் கூடாது என்பதில்லை. கம்பெனி நமக்குத் தருகிற தையல் ரேட் ஏறவில்லையே, எதிலிருந்து கொடுப்பது? மைக்செட் கேட்டாள். "ரேட்டை ஏத்தச் சொல்லிக் கேட்டீங்களா?"

"கேக்காம என்ன?" என்றார் ஒருவர். "போன வாரம் நான் போனேன். முடியலைன்னா சொல்லுங்க, பக்கத்துத் தெருவுல குடுத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க."

"என்கிட்டயும் அதே," என்றார் பக்கத்துத் தெருக்காரர். "அவர் தெருவுல குடுத்துக்கறேன்னாங்க."

மைக்செட்டுக்கு உச்சந்தலையில் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. ஆலையில் ஆரம்பத்தில் ஒவ்வொருத்தியாக மாடிக்குப் போய்க் கெஞ்சித் திரும்பி வந்ததெல்லாம் இதே கதைதான். "தனித்தனியாப் போனா அப்படித்தான் சொல்லுவாங்க," என்றாள். "எல்லாருமாப் போகணும். போற அன்னைக்கு யாரும் வேன்லருந்து துணிக்கட்டை இறக்கக் கூடாது."

"வேலை நிறுத்தமா?" ஒருவர் நெஞ்சில் கை வைத்தார். "நாமளா? நாம முதலாளிங்கம்மா!"

"கம்பெனிக்கு நாம யாரு? மெஷின் வச்சிருக்கிற கூலிக்காரங்க. அவ்வளவுதான்."

உம்மணாமூஞ்சி தொண்டையைக் கனைத்தார். "இந்தம்மா சொல்றதைக் கேளுங்க. எதிர்ப் பக்கம் நின்னு அனுபவிச்சவன் சொல்றேன். வேலை செய்யும்."

ஒத்திகை மளிகைக் கடை மாடியிலேயே நடந்தது. வேலை முடிந்த பிறகு ஒவ்வொரு முதலாளியாக வந்தார்கள், கல்யாணத்துக்கு வருகிறவர்கள் மாதிரி இஸ்திரி கலையாத சட்டையோடு. வாத்தியார்கள் மூன்று பேர்: அண்ணி, காஜாக்கா, புதுசு. "கையைத் தூக்குங்க சார். அக்குள் தெரிஞ்சாப் பரவால்ல," என்று புதுசு ஒரு கனத்த ஆசாமியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "வயித்துலருந்து சார். உங்களுக்குத்தான் இருக்கே!" அந்த மனிதர் வெட்கத்தில் சிவந்து, பிறகு ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், கீழே தராசு ஆடியது. அப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. வீட்டுக்குப் போகும்போதும் தெருவில் போட்டுக்கொண்டே போனார். அவர் மனைவி மறுநாள் வந்து, "எங்க வீட்டுக்காரருக்கு என்ன குடுத்தீங்க?" என்று சண்டைக்கு நின்றாள்.

குறித்த நாளில் கம்பெனி வேன் ஊர் முழுக்கச் சுற்றியது. ஒவ்வொரு வாசலிலும் நின்றது. ஒருவரும் துணிக்கட்டை இறக்கவில்லை. வேன் டிரைவருக்கு ஒவ்வொரு வாசலிலும் டீ மட்டும் கொடுத்தார்கள். போன பாரம் குறையாமல், வயிறு நிறைய டீயோடு அவர் கம்பெனி கேட்டுக்குத் திரும்பி வந்தபோது, அங்கே எல்லா முதலாளிகளும் திரண்டு நின்றார்கள். அவர்களோடு அவர்களுடைய தொழிலாளர்களும். இந்த வேடிக்கையை யார் விடுவார்கள்?

மைக்செட் முன்னால் வந்தாள். தோளை விரித்தாள். கையை உயர்த்தினாள். வாயைத் திறந்தாள்.

புஸ்ஸென்று காற்றுதான் வந்தது.

ஒத்திகை, ஒத்திகை என்று ஒரு வாரமாகக் கத்திய தொண்டை சரியான நேரத்தில் கழுத்தறுத்துவிட்டது. மறுபடி முயன்றாள். சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற சத்தம். கூட்டம் காத்து நின்றது. மாடி ஜன்னல்களில் கம்பெனி ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். மைக்செட் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அண்ணியைப் பார்த்தாள். அண்ணி காஜாக்காவைப் பார்த்தாள்.

அப்போது பின்னாலிருந்து ஒரு கட்டைக் குரல் எழுந்தது.

"ஊசிக்குக்கூடக் காதிருக்கு!"

உம்மணாமூஞ்சி. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தார். கை முஷ்டி, தலைக்கு மேலே.

"உனக்குக் காது எங்கிருக்கு?" என்று கூட்டம் பாய்ந்தது.

அடுத்து ஒன்று. அதற்கு அடுத்து ஒன்று. எதையும் யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. மைக்செட்டே மறந்துபோயிருந்த பழைய கோஷங்களையெல்லாம் வரிசை தப்பாமல், ராகம் தப்பாமல், மூச்சு விடும் இடம்கூடத் தப்பாமல் எடுத்துக் கொடுத்தார். எத்தனை வருடம் ஜன்னலில் நின்று கேட்டவர்! உணர்ச்சிவேகத்தில் போய்க்கொண்டே இருந்தார்.

"சிரிக்கத் தெரியாத சிடுமூஞ்சி! சீக்கிரம் இறங்கி வா, உம்மணா..."

அங்கேதான் அவருக்கு உறைத்தது, அது யாரைப் பற்றிய கோஷம் என்று. உயர்த்திய கையோடு அப்படியே நின்றார். ஆலையில் வேலை பார்த்த பழைய பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்கள். அவர் முகத்தில் ஏதோ ஒன்று நெளிந்தது. ஒரு பக்க உதடு ஏறியது, மறுபக்கமும் ஏறியது. பல்லெல்லாம் தெரிய, தோள் குலுங்க, கண்ணில் நீர் வர அந்த மனிதர் சிரித்தார். தெரு முழுக்கச் சிரித்தது. கேட்டுக் காவலாளி சிரித்தார். வேன் டிரைவர் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்ததில் ஹாரன் விடாமல் அடித்தது.

மைக்செட்டுக்குச் சிரிக்கவும் குரல் வரவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள்.

கம்பெனி மேலாளர் இளைஞர். மிரட்டலுக்கு ஒரு பதில், கெஞ்சலுக்கு ஒரு பதில் என்று தயாராக இருந்தவர், சிரிப்புக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் கீழே இறங்கி வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய கோட்டுகள் தைக்கப்படாமல் துணிக்கட்டாகவே வேனில் கிடந்தன என்பதும் அவருக்குத் தெரியும். உள்ளே அழைத்து உட்கார வைத்துப் பேசினார். பேச்சுவார்த்தையில் மைக்செட் சைகை காட்ட, உம்மணாமூஞ்சி அதைச் சொல்லாக்கினார். அவள் விரலை ஆட்டினால் "அது முடியாது" என்பார். அவள் மேஜையைத் தட்டினால் இவர் "கண்டிப்பா" என்பார். கேட்டது முழுசாகக் கிடைக்கவில்லை. ஆனால் புதுக் கூலியைக் கொடுத்து வாடகையும் கட்டும் அளவுக்குத் தையல் ரேட் ஏறியது. தங்களுக்கென்று பெரிதாக எதுவும் மிஞ்சாது என்று இரண்டு முதலாளிகள் வெளியே வந்து முணுமுணுத்தார்கள். "அடுத்த வருஷம் மறுபடி வருவோம்," என்றார் அந்தக் கனத்த ஆசாமி. அவருக்கு ருசி கண்டுவிட்டது.

முதல் தேதி வந்தது. மைக்செட் கூலி அட்டையைச் சுவரில் ஒட்டினாள். காஜாக்கா அதை நின்று படித்துவிட்டு, தன் பெயர் அதில் இல்லாவிட்டாலும் அது தன்னைப் பற்றியதுதான் என்று புரிந்ததும் ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். புது விதியில் இன்னொன்றும் இருந்தது. சந்தோஷத்தில் யாரும் அதைச் சரியாக யோசித்திருக்கவில்லை. நேரம் தாண்டினால் இரட்டிப்புக் கூலி. மைக்செட்டுக்கு அது கட்டுப்படியாகாது. ஆகவே மணி ஆனதும் டக்கென்று மெயின் சுவிட்சை அணைத்தாள்.

"போங்க, போங்க! ஒரு நிமிஷம் கூட இருந்தாலும் எனக்கு நஷ்டம்!" இன்னும் கரகரத்த குரலில் விரட்டினாள்.

நாலு பேரும் தெருவுக்கு வந்தார்கள். வெயில் இருந்தது. வேலை முடிந்து வெளியே வரும்போது வெயிலைப் பார்த்து அவர்களுக்குப் பழக்கமே இல்லை. பரீட்சை முடிந்த பிள்ளைகள் போல எங்கே போவது என்று தெரியாமல் நின்றார்கள்.

"பூங்கால குளம் இருக்கே, அதுல படகு விடறாங்களாம்," என்றாள் புதுசு. "மிதிக்கற படகு."

போனார்கள். வாத்து மாதிரிச் செய்த பிளாஸ்டிக் படகு. முன்னால் அண்ணியும் மைக்செட்டும், பின்னால் காஜாக்காவும் புதுசும். அண்ணி ஏறியதும் வாத்து ஒரு பக்கம் தலை சாய்த்துப் பார்த்தது. காஜாக்கா கடவுளையெல்லாம் பெயர் சொல்லி அழைத்தாள். பெடலில் கால் வைத்தார்கள். வாழ்நாள் முழுக்கத் தையல் மெஷினை மிதித்த கால்கள். ஒரே தாளத்தில் இறங்கின. வாத்து சீறிக்கொண்டு கிளம்பியது. காதலர் படகு ஒன்றை முந்தியது. குடும்பப் படகு ஒன்றை முந்தியது. தண்ணீர் இரண்டு பக்கமும் விசிறியது. கரையில் படகுக்காரர், "மெதுவா, மெதுவா! இது பந்தயம் இல்லீங்க!" என்று கத்தினார்.

"ஏய், இதைப் பாருங்கடி!" அண்ணி மூச்சிரைக்கச் சிரித்தாள். "இத்தனை வருஷம் மிதிச்சோம், இருந்த இடத்தை விட்டு நகர்ந்தோமா? இன்னைக்கு மிதிக்கிறோம், ஊரே ஓடுது!"

திருப்பத் தெரியாமல் நேரே எதிர்க்கரை நாணலுக்குள் போய்ச் செருகினார்கள். தவளை ஒன்று காஜாக்கா மடியில் குதித்தது. படகுக்காரர் கரையோரமாகச் சுற்றி ஓடி வந்தார். நாலு பேரும் எழுந்திருக்க முடியாமல், ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.